பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

இருபத்தேழின் இடது விலாவில்
ரப்பர் மூடியைத் திருகித் திறக்கிறேன்.
முழங்கை வரை உள்ளே.

ஈரக் கோரை, அரைபட்ட சீமைக்கருவேலங்காய்,
நேற்று மேய்ந்த உமரி,
நுரை, புளிப்பு, ஆவி.
நான் அள்ளித் தர, வாளியில் வாங்குகிறாள் நம்புசெல்வி.
"அஞ்சு படி தேறும்க்கா."
நான் கிலோவில் எழுதிக்கொள்கிறேன்.
ஆடு ஒருமுறை காதை ஆட்டியது.
அவ்வளவுதான்.

உப்புக் கரைசல் விட்டு மூன்று முறை கழுவினோம்.
நாலாம் முறைதான் தெளிந்து வந்தது,
மழை விட்ட மூன்றாம் நாள் ஊருணி மாதிரி.
டார்ச் அடித்தேன்.
சுவர் முழுக்கக் கருத்த சிறுநாக்குகள்,
ஆயிரம் ஆயிரமாக,
நக்க ஒன்றுமில்லாமல்.

இனி நான் கலந்தது உள்ளே போகும்.
அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக்,
கூடவே அளந்த கன நீர்.
அது சுவர் தாண்டிக் கரையும் வேகத்தில்
அந்தப் பக்கம் ஓடும் இரத்தத்தைக் கணக்கிடலாம்,
கண்ணில் படாத வாய்க்காலை
கரைத்துவிட்ட மஞ்சள் மறையும் நேரத்தால் அளப்பதுபோல.
குரோமியம் மட்டும் எங்கும் போகாது.
தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல
உள்ளேயே உட்கார்ந்திருக்கும்,
கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவனைப் போல.

பத்து பத்து: முதல் ஊசிக்குழல்.
பத்து இருபது: இரண்டாவது.

வேலிக்கு வெளியே உடையணன்.
"எங்கிட்ட வாங்குன கெடாதானே?
வயித்துல சன்னல் வச்சிட்டீகளாமே."
"வலிக்காதுண்ணே."
"வலிக்கிறதக் கேக்கல.
காத்து அடிக்காதா?"
மூடியை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.

பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஆட்டுக்கு ஒன்றுமில்லை, வாளிக்குத்தான்.
அதில் இருப்பவை கோடானுகோடி உயிர்.
சூடு இறங்கினால் துவண்டுபோகும்.
பிறகு இருபத்தேழு தின்னும்,
தின்ற புல் ஆடாக மாறாது.
ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதென்று
கையெழுத்துப் போட்டிருந்தது, யாருடையதோ.

நம்புசெல்வி ஒன்றும் கேட்கவில்லை.
வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு
அலை எட்டாத வெள்ளை மணலுக்குப் போனாள்.
குழி பறித்தாள். கழுத்து வரை புதைத்தாள்.
தெர்மாமீட்டரில் நாற்பத்தொன்று.
கடலுக்கு முதுகு காட்டிக் குனிந்து நின்று
தன் நிழலை அதன்மேல் போட்டாள்.
முப்பத்தொன்பதரை.
அப்படியே நின்றாள், என் கடைசி ஊசிக்குழல் வரை.

இன்று பதினாறாம் நோன்பு.
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது.
ஸஹரில் குடித்த இரண்டு சொம்புத் தண்ணீர்
எந்தச் சுவரைத் தாண்டி எங்கே போனதென்று
எந்தக் குரோமியமும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

பதினொன்றேகாலுக்குக் கைபேசி அதிர்ந்தது.
போன வார மாதிரிகளின் முடிவு.
பியூட்டிரிக் கூட்டிய நாளில்
இரத்தம் ஒன்றரை மடங்கு வந்திருக்கிறது.
திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
அஸருக்குப் பின் கஞ்சி வாசம் எழுந்ததும்
பெரியபட்டினத்துச் சந்துகளிலிருந்து
பள்ளிவாசல் பக்கம் நகரும் தூக்குவாளிகள்.
யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் இரத்தத்துக்கு?

பதினொன்றே முக்காலுக்குக் கரைசலை வடித்தோம்.
வாளி வந்தது, வெளியெல்லாம் மணலோடு.
அள்ளி அள்ளி உள்ளே திணித்தோம்.
துடைத்துத்தான் திணித்தோம்,
இருந்தும் ஒரு சிட்டிகை மணல் போயிருக்கும்.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.
நம்புசெல்விக்குக் கழுத்து கன்றிச் சிவந்திருந்தது.
அதற்குக் கட்டம் இல்லை அந்த அட்டவணையில்.

பிறகு காத்திருந்தோம்.
கெடா எங்களைப் பார்த்தது, வேலியைப் பார்த்தது,
கொஞ்சம் மூத்திரம் பெய்தது.
கழுத்தில் ஓர் உருண்டை
கீழிருந்து மேலே ஏறியது.
தாடை சுழலத் தொடங்கியது.

"அசை போடுதுக்கா!"

பன்னிரண்டு இருபத்தொன்று என்று எழுதினேன்.
மக்ரிபுக்கு இன்னும் ஆறு மணி நேரம்.