முப்பது வினாடி

கருங்கல் சந்தைக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கிற அண்டியாபீஸ்.
கொட்டை காயப்போட்ட சிமெண்டுக் களத்தில்
சுண்ணாம்பால் ஒரு நீள்வட்டம்.
மழை அழிக்கும். வரைவோம்.

ஹெல்மெட்டில் நட்சத்திரம் எனக்கு.
எதிரே நாலு பேர்,
இடுப்போடு இடுப்பு ஒட்டிய மதில்.
மீன் ஏலம் விளிக்கிற பெனில்டா
தோளால் ஒன்று தந்தால்
குளச்சல் அலை தோற்றது.
விழுந்தால் உடனே விரலை மடக்கணும்,
பின்னால் வருகிற சக்கரத்துக்குக் கண் கிடையாது.

மற்ற நாள் மார்த்தாண்டம் ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி.
பத்து மணிநேரம் நின்றபடி
"இதில் வேற கலர் காட்டட்டா எக்கா?"
முழங்கையில் நீலம் பாரித்ததைப் பார்த்து
பில் போடும் ஷைஜி குரல் தாழ்த்தினாள்:
"மாப்பிள்ளை அடிச்சாரா?"
"இல்லட்டி, பெனில்டா இடிச்சா."
நம்பவில்லை.
ஞாயிறு நேரில் வந்தாள்,
தன் செருப்பைக் களத்தோரம் கழற்றிப் போட்டாள்.
இப்போது அவளும் இடிக்கிறாள்,
கணக்குத் தவறாமல்.

நேற்று நான் முழங்கையை ஓங்கியதற்கு விசில்.
தண்டனை நாற்காலி, முப்பது வினாடி.
பிளாஸ்டிக், ஒரு கால் கொஞ்சம் ஆடும்.
சாய்ந்து உட்கார்ந்தேன்.
திங்கள் முதல் சனிவரை
இரு என்று எவரும் சொன்னதில்லை.

"எழும்பு, நேரமாச்சு" என்று ஷைஜி கத்துகிறாள்.
சக்கரத்தைத் துடைப்பதுபோல் குனிந்து
இன்னும் ஒரு வினாடி
திருடிக்கொள்கிறேன்.