சீட்டு விழுந்த பக்கம்

ஆடி மேகாத்து
பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்து
கலையரங்கத்துத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
மருதமலை மேல் மழை. கீழே வெறும் தூசி.
நான் மணிக்காரன்.
இயற்பியல் துறை அட்டெண்டர் ராக்கியண்ணனிடம்
கையெழுத்துப் போட்டு வாங்கிய பித்தளை மணி.
மூன்று நிமிடத்தில் ஒரு தட்டு,
அரை நிமிடம் கழித்து இன்னொன்று.
அதற்கு மேல் பேசினால் மதிப்பெண் போகும்.

விடுதி மெஸ்ஸை ஒப்பந்தக்காரருக்கு விடலாமா?

இரண்டு வருஷமாகச் சுவரெல்லாம் இதுதான்.
'விடவே கூடாது' என்று சிவப்பில் எழுதியது
உழைப்போர் வட்டம்.
அதன் மேலேயே சுண்ணாம்படித்து
'விட்டால்தான் சோறு' என்று நீலத்தில் எழுதியது
தாயக மாணவர் பேரவை.
நானும் பேரவைதான். சுண்ணாம்பு வாளி தூக்கியவன்.

யார் எந்தப் பக்கம் என்று
கேண்டீன் நாய்க்குக்கூடத் தெரியும்.
தமிழ்த்துறைத் தலைவருக்குத்தான் விபரீத ஆசை,
"விவாதம்னா சீட்டுப் போடணும்" என்றார்.
சாக்பீஸ் டப்பாவுக்குள் இரண்டு சீட்டு.
மாறி விழுந்தது.

அரங்கம் சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆயிற்று.
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நவமணி எழுந்தாள்.
வட்டத்தின் செயலாளர், தாராபுரத்துக்காரி,
எண்ணெய்ச் சட்டியில் கடுகு விழுந்த மாதிரிப் பேசுவாள்.
அன்றைக்குப் பொரியவில்லை.
ஒரு நோட்டை விரித்தாள்.
போன வருஷம் மாணவர் குழுவே மெஸ் நடத்தியபோது
அவள் கைப்பட எழுதிய கணக்கு.

"பங்குனில ஆறு மூட்டை அரிசி காணோமுங்க.
எடுத்தது வெளியாளில்லீங்க.
அண்டா கழுவுற மாராயக்காவுக்கு
பதினொரு வாரச் சம்பளம் நாம பாக்கி வெச்சமுங்க.
ஒப்பந்தக்காரன் திருடுனா கொடி புடிக்கலாம்.
நாமளே திருடுனா
கொடியக் கொண்டுபோயி யார் வாசல்ல நடறது?"

முன்வரிசையில் அவள் தோழர்கள்
ஒவ்வொருவராகக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.
மூன்று நிமிடம் முடிந்திருந்தது.
மணி என் கையில்தான் இருந்தது.
நாலரை நிமிடம் பேசினாள்.

அடுத்தது எங்கள் சென்னியப்பன்.
ஒப்பந்தத்துக்கு நிற்கிறவர் அவனுடைய தாய்மாமன்,
பெருந்துறையில் மளிகைக்கடை.
பாதிப் பேருக்கு இது தெரியும்,
மீதிப் பேருக்கு அவனே சொன்னான்.
தண்ணீர் கேட்டுக் குடித்தான்.
எழுதி வந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டான்.

"எங்க மாமன் கடைத் தராசுல
தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்குமுங்க.
கொட்டப்பாக்கு அளவு.
லீவுக்குப் போனா
அது காஞ்சு விழுகாமப் பாத்துக்கறது எம்பட வேலை."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.
ஒரு நிமிடம் பத்து நொடி.
யாரும் கைதட்டவில்லை, தகரத்தைத் தவிர.

முதல் பரிசு, எவர்சில்வர் தூக்குப்போசி,
எந்தக் கட்சியிலும் இல்லாத
வணிகவியல் பையன் ஒருவனுக்குப் போயிற்று.
மூன்று குறள் சொன்னான், இரண்டு பக்கமும் சரி என்றான்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில்
வட்டம் அவளை நிற்க வைத்துக் கேட்டது:
"பேசச் சொன்னோம். இத்தனை நல்லாவா பேசறது?"
அவள் நோட்டை துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.
வார்டன் அறையில் சென்னியப்பனுக்குப் போன்.
"சீட்டு அப்படி விழுந்துருச்சுங் மாமா,
சீட்டு அப்படி விழுந்துருச்சு."
எங்கள் தலைவர் என் தோளைத் தட்டினார்:
"மணியடிக்காம விட்டயே, பலே.
அவ குழிய அவளே வெட்டிக்கிட்டா."
அதற்காக இல்லை என்று
நான் சொல்லவில்லை. இன்றுவரை.

ராத்திரி கை கழுவப் போனபோது
மாராயக்கா அண்டாவுக்குள் பாதி உடம்பாக இருந்தாள்.
"ஏந்தம்பி, அந்தப் புள்ள
எம்பட சம்பளத்தப் பத்திப் பேசுச்சாமா?"
"ஆமாங்க்கா. பதினொரு வாரம்னு."

தேய்ப்பதை நிறுத்தினாள்.
தலையை வெளியே எடுக்காமலே,
பித்தளைக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரலில்
"பதிமூணு" என்றாள்.