இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டாரா

பின்னிரவு இரண்டே கால்.
ஈசூனில் பதினோராம் மாடி.
நெஞ்சைப் பிடித்தபடி அவர்
சோபாவின் விளிம்பில், பனியன் நனைந்து.

ஆம்புலன்ஸ் பையனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது.
சட்டையில் ஃபிர்தவுஸ் என்று எழுதியிருந்தது.
நாக்கடியில் அடிக்கும் மருந்துப் புட்டி
கையில் தயாராக இருந்தது.
அடிக்கவில்லை.
கேட்டான்:
ஆன்ட்டி, இன்றைக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?

ஒப்பித்தேன்.
காலையில் பிரஷர் மாத்திரை, பாதி.
ராத்திரி கொழுப்புக்கு.
சர்க்கரைக்கு இரண்டு வேளை.
முப்பத்தொரு வருஷத்தில்
நான் எடுத்துக் கொடுக்காத மாத்திரை
அந்தத் தொண்டையில் இறங்கியதில்லை.

அவன் குரலைத் தணித்தான்.
உபாட் குவாட், ஆன்ட்டி?

மீன்கடையில் பழகிய மலாய் எனக்கு.
உபாட், மருந்து. குவாட், பலம்.
பலத்துக்கு ஹார்லிக்ஸ்தான் என்று வாயெடுத்தவள்
அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.
அத்தனை வேர்வைக்குள்ளும்
வெட்கம் தனியாகத் தெரிந்தது.
ஒரு விரல் எழுந்தது.
செருப்பு அலமாரி.

தீபாவளிக்கு மட்டும் போடும் கறுப்பு ஷூ.
அதற்குள் உருட்டிய காலுறை.
அதற்குள்
பெயரில்லாத அட்டை, நான்கு குழி,
இரண்டு காலி.

பையன் புட்டியைப் பைக்குள் போட்டான்.
இதை அடித்திருந்தால், என்று தொடங்கி
முடிக்காமல் ஒயர்களை ஒட்டினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முடித்தார்.
அதுவும் ரத்தக் குழாயைத் திறக்கும், இதுவும் திறக்கும்.
சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும்.
சில மாத்திரைக்கு ஒரு நாள் இடைவெளி, சிலதுக்கு இரண்டு நாள்.
இதில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது,
சர்க்கரையை இறக்கும் மருந்துகூடக் கலந்திருக்கலாம் என்று
அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.
எங்கே வாங்கினீர்கள்?

கேலாங். மடக்கு மேசை.
விசில் கேட்டால் மேசை மடியும், ஆள் இருக்க மாட்டான்.
பத்துக் காசு மிச்சம் பிடிக்க
பாசிர் பாஞ்சாங் வரை போய் வெங்காயம் வாங்கும் மனிதர்
மீதிச் சில்லறையை எண்ணாமல் வந்திருக்கிறார்.

என்னிடமே கேட்டிருக்கலாமே, என்றார் டாக்டரம்மா.
சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜம்.
இதயம் தாங்குமா என்று பார்த்துவிட்டு எழுதித் தருவோம்.
தாங்காதென்றால் வேறு வழி இருக்கிறது.
இவர் கூரையில் ஏர்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
தொழிலே அதுதான், பழுது பார்ப்பது.

மூன்று வருஷமாக,
தூங்கிவிட்டேன் என்று அவர் நம்புவதற்காக
சீராக மூச்சுவிடப் பழகியிருந்தேன்.
தூங்கவில்லை என்று தெரிந்தும்
சுவர்ப்பக்கம் திரும்ப அவர் பழகியிருந்தார்.
நான் மாத்திரையா கேட்டேன்?
இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் போதாதா?
அதையும் நான் கேட்கவில்லை என்பது வேறு.

காலிக் குழி இரண்டு.
ஒன்று நேற்று ராத்திரி.
இன்னொன்று எப்போது?
கேட்கக் கூடாதென்றுதான் இருந்தேன், நாலு மணி நேரம்.

போன வாரம், என்றார்.
நீ தேக்கா போயிருந்தபோது.
சும்மா. தனியாத்தான்.
வேலை செய்யுதான்னு பார்க்க.

சிரித்தேன்.
அடுத்த திரைக்குப் பின்னாலிருந்து நர்ஸ் எட்டிப் பார்க்கும்வரை,
கண்ணில் தண்ணீர் வரும்வரை.
தண்ணீர் அதற்கப்புறமும் வந்தது.

குளிர்பெட்டிக் கதவில் இப்போது புதிய மருந்துப் பட்டியல்.
கடைசி வரியில் டாக்டரம்மா கையெழுத்து:
ஆறு வாரம் கழித்து, மனைவியோடு.

ஷூவைக் கவிழ்த்துத் தட்டி
வெயிலில் வைத்திருக்கிறேன்.
இந்தத் தீபாவளிக்கு
செருப்பே போடட்டும்.