மூன்று சுழி

முழங்காவில். மடத்து வளவில் வெடி தேடத் தொடங்கிய
பதினோராம் நாள்
வந்தவர் கொப்பியில் அவளை எழுதினேன்.
பெயர்: சிஸ்ரர் லுத்விக்கா.
தொழில்: கண்ணியாஸ்திரி.

எட்டிப் பார்த்தாள்.
சிரிப்பை அடக்க முக்காட்டு நுனியைக் கடித்தாள்.
"அக்கா, ஒரு சுழி கூடிப்போச்சு."

கையைக் குற்றஞ் சொல்லேலாது.
நாள் முழுக்க அறிக்கையில்
கண்ணிவெடி, கண்ணிவெடி என்று
எழுதிப் பழகிய கை.

சின்னனில் எனக்கு அந்தச் சொல்
ஸ்திரிக்கைப் பெட்டியிலிருந்துதான் வந்தது.
வெள்ளை உடுப்பில் ஒரு மடிப்பும் கலையாமல்
சைக்கிளில் போவார்கள்;
வேறென்ன நினைக்கிறது?

பாலைமர நிழலில்
போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தபடி
அவள் சொல்லைப் பிரித்தாள்.
கன்னி என்றால் பெண்.
ஸ்திரி என்றாலும் பெண்.
பெண்ணைப் பெண்ணோடு ஒட்டி
நடுவில் ஓர் ஆண் நுழைய
நூலிடை விடாமல் தைத்த சொல்.

யார் தைத்தது?
"கப்பலில வந்த சாமிமாராயிருக்கும்.
பக்கத்தில இருந்து ஊசி கோத்துக் குடுத்தது
வடமொழி படிச்ச ஆரோ."

தமிழில் வேறு சொல் இருக்கவில்லையோ?
இருந்ததாம்.
சமணப் பெண் துறவிகளைக்
குரத்தி என்று கல்லில் வெட்டியிருக்கிறதாம்.
குருவுக்குப் பெண்பால்.
"அதை எங்களுக்குத் தரேல்லை அக்கா.
ஃபாதருக்குக் குருவானவர் எண்டு பேர்.
எங்களுக்கு,
கலியாணம் கட்டாததே பேர்."

மூடியில் மிஞ்சியதை மண்ணில் ஊற்றினாள்.
எறும்புகள் வந்தன.

நான் என் படிவத்தை நினைத்துக்கொண்டேன்.
விவாகமானவர், விவாகமாகாதவர், விதவை.
பதினைந்து வருசமாய் அவர் எங்கே என்று தெரியாதவளுக்குப்
பெட்டி இல்லை.
மூன்றுக்கும் குறுக்கே
ஒரு கோடு இழுப்பேன்.
ஒரு தடவை அதையும் திருப்பி அனுப்பினார்கள்.

"வெட்டி எழுதவா?" என்றேன்.
"கிடக்கட்டும்.
ஆபத்து எண்டாவது தெரியட்டும்."

விசில் அடித்தது.
முகமூடியை இறக்கி
என் கோட்டில் முழந்தாளிட்டேன்.
அடுத்த சாண் மண்.
சிவப்புத் தடிகளுக்கு அந்தப் பக்கம்
அவள் நிழல் கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு கிணறு இருந்த பக்கம் எதுவென்று
ஆரிடமோ கேட்டது.

பின்னேரம் மேற்பார்வையாளர்
கொப்பியைப் புரட்டி
அந்த இடத்தில் பேனையை வைத்தார்.
வட்டம் போட்டார்.
திருத்தவில்லை.
எந்தச் சுழி என்று
அவருக்கும் சந்தேகம்.