கேட் திறந்த பிறகு

லைப்ரரிகளைப் பொட்டலம் கட்டுகிறேன் என்றதும்
வீட்டுக்காரம்மா ஜெயசீலி
மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஏழு அட்டைப்பெட்டிகளை
மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார்.
மஞ்சக்குப்பம் நூலகத்தைக் காலி பண்றாங்களா, என்றார்.
இல்லைங்க, இதெல்லாம் தாளே இல்லாதது.
பெட்டி இருக்கட்டும், என்றார்.
இருக்கிறது. ஒன்றின் மேல் ரவுட்டர்.

போன வருஷம் வரை கையால்தான்.
ஒரு லைப்ரரிக்கு ஒரு சாயங்காலம்:
பெயர், பதிப்பெண், உரிமம், யாரை நம்பி நிற்கிறது,
நம்பப்பட்டவர் யாரை நம்பி நிற்கிறார்.
பைத்தானை முடிப்பதற்குள்
ரஸ்ட் முந்நூறு குட்டி போட்டிருக்கும்.
அலுத்துப்போய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.
ராத்திரி பத்துக்கு ஏவிவிட்டால்
முதல் டவுன்பஸ் கிளம்புமுன்
லினக்ஸுக்கு ஏற்றபடி கட்டி அடுக்கிவிடுகிறது.

குறும்பும் உண்டு அதற்கு.
விளக்கம் எழுதச் சொன்னால்
"இந்த லைப்ரரி ஒரு லைப்ரரி ஆகும்."
உரிமம் என்ற இடத்தில் எவனோ
"எடுத்துக்கோ, திட்டாதே" என்று வைத்திருந்தான்;
ஸ்கிரிப்ட் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது.

நேற்று நானூற்றுப் பன்னிரண்டில்
மூன்று நின்றுவிட்டன.
முதலாவதைக் கட்ட இரண்டாவது வேண்டும்.
இரண்டாவதின் சோதனைக்கு மூன்றாவது.
மூன்றாவதோ, முதலாவது வரட்டும் பார்க்கலாம் என்கிறது.
நாற்பது முறை முயன்று
நாற்பது முறையும் அதே மரியாதையோடு
செத்துக் கிடந்தது ஸ்கிரிப்ட்.

மூடிவிட்டு முதுநகருக்கு மீன் வாங்கப் போனேன்.
மயிலாடுதுறை பாசஞ்சர் போனது, கேட்டைத் தூக்கினார்கள்.
யாரும் நகரவில்லை.
காத்திருந்த நேரத்தில் இந்தப் பக்கத்தார் சாலை முழுக்க நிறைந்து
அந்தப் பக்கத்தாரும் முழுக்க நிறைந்து
தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு.
முந்திரி லாரி டவுன்பஸ்ஸைப் பார்த்து ஹாரன் அடிக்க
டவுன்பஸ் ஷேர் ஆட்டோவை,
ஷேர் ஆட்டோ லாரியை.
எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது.

ஐஸ்பெட்டி கட்டிய டிவிஎஸ்காரர் ஒருவர்
மூன்று பேரின் வம்சத்தையும் திட்டிக்கொண்டே
பின்சக்கரத்தைத் தூக்கிச்
சாக்கடை ஓரமாய் ஒதுங்கினார்.
ஒன்றரை அடி.
அதில் ஆட்டோ புகுந்தது,
ஆட்டோ விட்ட இடத்தில் பஸ்,
பிறகு லாரி, பிறகு நாங்கள் எல்லோரும்.
கடைசியாக அவர்.

கழுவாத சங்கராவை முற்றத்தில் வைத்துவிட்டு
இரண்டாவதின் சோதனையை மட்டும் அணைத்து
அரைகுறையாய் ஒருமுறை கட்டினேன்.
முதலாவது எழுந்தது.
மூன்றாவது எழுந்தது.
திரும்ப வந்து இரண்டாவதை
இந்தத் தடவை முழுச் சோதனையோடு.

அதற்குள் இரண்டு சங்கரா பூனைக்குப் போயிருந்தது.

எங்கே ஒதுங்க வேண்டும் என்று
ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவைக்கப் பதினோரு வரி ஆயிற்று.
பன்னிரண்டாவது, கணினி படிக்காத குறிப்பு:
ஒதுங்கினவரை
மறக்காமல் திரும்பக் கூப்பிடவும்.