சந்தா பாக்கி

வெள்ளிக்கிழமை தோறும் என் மேசைக்கு வரும்
ஆலைச்சங்கு. நாலு பக்கம், பதினைந்து காசு.
கிராஃபோர்ட் மார்க்கெட் எதிரே போலீஸ் ஆபீஸ்,
இரண்டாம் மாடி, மின்விசிறி எட்டாத மூலை.
தமிழை இங்கிலீஷாக்குவது என் உத்தியோகம்.

தாராவியில், தோல் ஷாப்புகளுக்குப் பின்னால்
ஒரு மிதி மிஷினில் அடித்தார்கள்.
ஆசிரியர் ஞானதிரவியம்,
பகலில் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர்.
வாக்கியங்கள் நீளம். மூச்சு வாங்கும்.
'ஆகவே தோழர்களே' என்று அவர் திரும்பும் இடத்தில்
நான் டீ சொல்லிவிடுவேன்.

வேலைநிறுத்த வாரங்களில் ழ தீர்ந்துபோகும்.
முதல் பக்கத்துத் தொழிலாளி
மூன்றாம் பக்கத்தில் தொளிலாளி ஆகியிருப்பான்.
இங்கிலீஷில் அந்தப் பஞ்சம் தெரியாது.

அறுபத்துநாலில் கட்சி பிளந்தது.
ஒரே வெள்ளியில் இரண்டு ஆலைச்சங்கு,
ஒரே விலாசம், நடுவில் கோணிப் படுதா.
மிஷின் மட்டும் பொது:
திங்கள் அவர்கள், புதன் இவர்கள்.
எழுத்துப் பெட்டியைப் பங்கு போட்டதில்
ழ முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டதாம்.
இரண்டும் ஒன்றையொன்று துரோகி என்றன.
எனக்கு இரட்டை வேலை, அதே சம்பளம்.
இதை எழுத எனக்கொரு பத்திரிகை இல்லை.

அந்தப் பக்கம் ஒன்பது மாதத்தில் நின்றது.
ழ திரும்பி வரவில்லை. ஈயம் விலை ஏறியிருந்த சமயம்.
ஞானதிரவியம் ள வைத்தே ஓட்டினார்.
மளை பெய்தது. தாராவி
முளங்கால் தண்ணீரில் நின்றது.

எழுபத்தொன்று ஆகஸ்ட், கடைசி இதழ்.
நிறுத்துவதாக எங்கும் சொல்லவில்லை.
நாலாம் பக்கம் முழுக்க சந்தா பாக்கி:
வடாலா சுடலைமாடன், நாலு ரூபாய்.
மாஹிம் சலூன் எஸ்தாக்கி, ஒன்றே கால்.
கோலிவாடா டீக்கடை, ஏழு, தகராறில் உள்ளது.
அடியில், சற்றே பெரிய எழுத்தில்:
மொளிபெயர்ப்பாளர் ரகோத்தமன், போலீஸ் ஆபீஸ்,
பதினாலு வருஷம் ஒரு வாரமும் விடாமல் வாசித்த வகையில்
நூற்றொன்பது ரூபாய் இருபது காசு.

சுற்றிலும் டைப்ரைட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன.
மூன்று முறை படித்தேன்.
பிறகு மொழிபெயர்த்தேன், பைசா சுத்தமாக,
சுடலைமாடன் முதல் டீக்கடை வரை.
தகராறைக்கூட விடவில்லை.
'இத்துடன் இதழ் முடிகிறது' என்று எழுதி
முத்திரை வைத்தேன்.

பதினாலு வருஷத்தில் நான் விட்ட ஒரே வரி.

அடுத்த வாரம் வடாலாவுக்கு ஜீப் போனது.