கற்றல் விளைவுகள்

படிவத்தின் கடைசிக் கட்டம்:
'களப்பயணத்தால் மாணவர் கற்றவை.'
மூன்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமைக்குள் தக்கலைக்குப் போக வேண்டும்.

முட்டத்திலிருந்து இரணியலுக்கு ஒரு வேன்.
முப்பத்தொரு பிள்ளைகள்.
திங்கள்சந்தை வருமுன்னே இரண்டு வாந்தி,
ஒரு செருப்பு சன்னல்வழி போயிற்று.
இடவப்பாதி மழை
எங்களுக்கு முன்பே வந்து
அந்த வீட்டில் ஏறியிருந்தது.

நடு அறையில் பச்சை வாளி.
ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாய் நிறைகிறது.
மற்ற எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தார்கள்,
மூக்குக்கண்ணாடிக்கு, குடைக்கம்பிக்கு,
பல் உதிர்ந்த சீப்புக்கு.
"வாளி எந்த வருசத்துல உள்ளது டீச்சர்?"
பொறுப்பாளர் செல்லத்துரை சிரிக்கவில்லை.
"மனு குடுத்து நாலு வருசமாச்சு."
அஸ்லின் நோட்டில் எழுதிக்கொண்டாள்:
வாளி, நான்கு வருடம்.

கயிறு கட்டிய நாற்காலி.
"இதுல உக்காந்தா ஞானாபரணம் தாத்தா ஏசுவாரா?"
"நான் ஏசுவேன்."

எழுத்து மேசை என்று சீட்டுச் சொன்ன மேசையை
ஆன்றோ தடவினான். தொடக் கூடாது; தொட்டான்.
"டீச்சர், இதுல மீன் அறுத்திருக்கு."
பிறகு குனிந்து, வெட்டின் ஆழம் பார்த்து,
"சாளையில்ல. சூரையாக்கும்."
கடற்கரைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து பார்த்து
ஆமென்று ஒப்புக்கொண்டார்கள்.
பத்து வருடமாய் அதைத் துடைக்கிற செல்லத்துரை
அன்றைக்குத்தான் அந்த மேசையைப் பார்த்தார்.

பின்னால் கிணறு, கம்பிவலை போட்டு மூடியது.
கிணற்றைச் சுமந்த தவளை
இங்கேதான் பிறந்ததாம்.
எட்டிப் பார்த்தார்கள். தவளை இல்லை.
ஒரு மோட்டார் இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்கு முன் கூட்டம் நின்றது.
கையெழுத்துப் பிரதி. பழுத்த தாள், மங்கிய மை.
'தவளை ஒரே சாட்டமாய்ச் சாடியது.'
சாடியது மேல் ஒரு சிவப்புக் கோடு.
அதன் தலைமேல், வேறு கையில், 'குதித்தது.'
ஓரத்தில்: வட்டார வழக்கு. தவிர்க்கவும்.

எங்கள் பாடநூலில் இருப்பது குதிக்கிற தவளை.
பதினொரு வருடமாய் நான் நடத்துகிற தவளை.

போன வாரம்தான்,
'மதிலிலிருந்து சாடினேன்' என்று எழுதிய ஆன்றோவுக்கு
இதே போலொரு கோடு போட்டு
அரை மதிப்பெண் குறைத்திருந்தேன்.
வீட்டில் நானும் சாடுகிறவள்தான்.
பள்ளிக்கூட வாசலில் குதிக்கத் தொடங்குவேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
செல்லத்துரையிடம் கேட்டான்:
"யாரு அண்ணே வெட்டுனது?"
"மெட்ராஸ்ல அச்சாபீசுக்காரங்க."
"மெட்ராஸ்ல தவள சாடாதா?"

மழைச் சத்தம். வாளி.

நஸ்ரின்தான் பென்சில் எழுத்தைக் கண்டுபிடித்தாள்.
ஓரக்குறிப்புக்குக் கீழே, ஞானாபரணத்தின் கை:
'சரி.'
கடைசிச் சுழியில் தாள் கிழிந்திருந்தது.
"அமுக்கி எழுதியிருக்காரு.
நூறு தடவ எழுதச் சொன்னப்ப
எனக்கும் இப்பிடித்தான் கிழிஞ்சுது."
எழுதச் சொன்னது யாரென்று அவள் சொல்லவில்லை.

முட்டத்தில் வேன் நின்றதும்
படியிலிருந்து ஒவ்வொருவராய்ச் சாடினார்கள்,
சொல்லிக்கொண்டே சாடினார்கள்.
செருப்பு போனவன் ஒற்றைக்காலில் சாடினான்.
என் சேலையெல்லாம் சேறு.

இரவு விடைத்தாள் கட்டை அவிழ்த்து
அந்த அரையைத் திருப்பிக் கொடுத்தேன்.
பதினேழரை பதினெட்டாயிற்று.
கோட்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு படிவம்.
முதல் கோட்டில்,
எழுத்தாளரின் எளிய வாழ்க்கையை அறிந்தனர்.
அவர்களுக்கு அது போதும்.
இரண்டாவதில்,
மேசையில் சூரை அறுத்திருக்கிறார்கள்;
ஓடு மாற்ற வேண்டும்.
மூன்றாவதில்,
தவளை சாடியது.

தக்கலையில் யாராவது வெட்டினால்
ஆன்றோவை அனுப்புவேன்.